தஞ்சைப் பண்ணையாள்களும் சீனிவாசராவின் தலைமையும்

  அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் பெரிய உழவுத் தொழிலாளர் போராட்டம் காவிரி நீர் தாராளமாகப் பாய்ந்த மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் வட்டங்களில் எழுந்தது. அங்கே நிலம் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் குவிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணைக்குக் கட்டுண்டு, கலியாணத்துக்கு வாங்கிய கடனால் வேறிடம் செல்ல முடியாமல் உழைத்த தலித் குடும்பத்தவரே பண்ணையாள்கள் எனப்பட்டனர். சிறு பிழைக்கும் அவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது; சாணத்தைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையும் இருந்தது.

1943இல் பொதுவுடைமைக் கட்சி இங்கு அனுப்பிய பி. சீனிவாசராவ் தென்கன்னடத்துக்காரர், பிராமணர், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர். சேரியிலேயே தங்கி அங்கேயே உண்டதால் மக்களின் நம்பிக்கை அவருக்குக் கிடைத்தது என்பது உண்மைதான். ஆனால் அவரைத் தலைவராக்கியது கோரிக்கைகளை அவர் வரிசைப்படுத்திய முறையே என்று கருத வேண்டும். நிலம் யாருக்கு என்ற கேள்வியைப் பின்னுக்கு வைத்து, அடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும், கூலி நெல் முத்திரையிட்ட மரக்காலில் அளக்கப்பட வேண்டும் என்று, ஒவ்வொரு குடிசையும் தன்னுடையதாக உணரும் கோரிக்கைகளை அவர் முன்வைத்தார். தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கிய மறு ஆண்டே, 1944இல், மன்னார்குடியில் மிராசுதார்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். வாய்ச்சொல்லாக இருந்த உறவு எழுத்தில் ஏறியதே அதன் பெரும் பயன். குத்தகைக்காரர்களையும் பண்ணையாள்களையும் ஒரே கொடியின்கீழ் நிறுத்தியது இன்னும் கடினமான பணி. சாதி அவர்களைப் பிரித்திருந்தது.

களப்பால் குப்பு போன்ற தலைவர்கள் சேரியிலிருந்தே எழுந்தனர். அவர் 1948இல் சிறையில் இறந்தார். குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தபோது, மிராசுதார்கள் பலர் பண்ணையாள்களை நீக்கி அன்றாடக் கூலிகளாக்கினர். அதனால் கூலிப் போராட்டம் ஓயவில்லை. சீனிவாசராவ் 1961இல் மறைந்தார், சங்கம் மறையவில்லை. செங்கொடியை இறக்க மறுத்த கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் எரிக்கப்பட்டனர். அதன் பிறகே உழவுத் தொழிலாளர் சிக்கல்களை ஆராய்ந்த கணபதியா பிள்ளை ஆணையமும், 1969இல் கிழக்குத் தஞ்சைக்கான நியாயக் கூலிச் சட்டமும் வந்தன.