எங்கிருந்து வருகிறாய்?

இணையத்தில் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழியில் ஓர் எழுத்துப் பிழை உண்டு. அறிஞர்கள் பலர் கூடி வகுத்த விதிமுறை நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அது திருத்தப்படவில்லை. ஆனால் அந்தச் சொல்லில் எழுத்தைவிடப் பெரிய வேறொரு பிழையும் நிகழ்ந்தது. அச்சொல்லை நம்பிப் பல நூலகங்களின் கதவுகளுக்குப் பூட்டுப் போட்டார்கள் என்பதே அது. அந்த வரலாற்றைக் காண்போம்.

வேண்டுகோளும் விடையும்

1989இல் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஆய்வாளர்களின் ஏடுகளைக் கணிப்பொறிகள் வழியே ஒன்றோடொன்று இணைக்கும் திட்டமொன்றை முன்வைத்தார். அதுவே இன்றைய வலையாக வளர்ந்தது. இதன் இயக்கம் மிக எளியது. நம் கணிப்பொறியிலுள்ள பிரவுசர், ஒரு பக்கத்தைக் கேட்டு வேண்டுகோள் அனுப்பும். அப்பக்கத்தை வைத்திருக்கும் கணிப்பொறியாகிய சர்வர் விடை அனுப்பும். அத்துடன் உறவு முடிந்தது. அடுத்த வேண்டுகோள் வரும்போது, முன்பு வந்தவர் இவர்தாமா என்று சர்வருக்குத் தெரியாது. இந்த உரையாடலின் விதிமுறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர்.

வேண்டுகோளின் தலைப்பில் சில குறிப்புகளும் செல்லும். அவற்றுள் ஒன்று, 'எந்தப் பக்கத்திலிருந்த இணைப்பைத் தொட்டு இங்கு வந்தேன்' என்று கூறுவது. இதை முன்மொழிந்தவர் பிலிப் ஹாலம்-பேக்கர். 'ரெஃபரர்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் 'ஆர்' என்ற எழுத்து இரண்டு முறை வரவேண்டும். முன்மொழிவில் ஒன்றே இருந்தது. 1996 மே மாதம் வெளியான விதிமுறை ஏட்டிலும் அது அப்படியே ஏறிற்று. அக்கால யூனிக்ஸ் கணிப்பொறிகளின் எழுத்துப்பிழை திருத்திக்குச் சரியான வடிவம், தவறான வடிவம் இரண்டுமே தெரியாது என்று ஏட்டின் ஆசிரியர்களுள் ஒருவரான ராய் ஃபீல்டிங் ஏடு வெளியாகும் முன்பே குறிப்பிட்டிருந்தார். அதற்குள் எண்ணற்ற நிரல்கள் அந்த எழுத்துகளையே எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டன. பிழையே விதியாயிற்று.

இக்குறிப்பின் நோக்கம் நல்லதே. தன் பக்கத்துக்கு யார் யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று தள உரிமையாளர் அறியலாம். தவறான முகவரி தந்த பக்கத்தைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லலாம். யாரையும் அடையாளம் காண்பதற்காக இது படைக்கப்படவில்லை.

நூலகத்தின் பூட்டு

1990களின் பிற்பகுதியில் ஆய்விதழ்களும் கலைக்களஞ்சியங்களும் இணையத்துக்கு வந்தன. நூலகங்கள் சந்தா செலுத்தின. சந்தா செலுத்திய நூலகத்தின் வாசகர் இவர்தாம் என்று இதழ் நிறுவனம் எப்படி அறிவது? நூலகக் கட்டடத்துக்குள் இருப்பவரை அந்த வளாகக் கணிப்பொறிகளின் ஐ.பி. எண்ணைக் கொண்டு அறியலாம். வீட்டிலிருந்து படிப்பவருக்கு அந்த எண் இராது.

இதற்குச் சில நிறுவனங்கள் ஓர் எளிய வழி கண்டன. நூலகம் தன் தளத்தில் கடவுச்சொல்லிட்ட பக்கம் ஒன்றை அமைக்கும். உள்ளே இதழுக்கான இணைப்பு இருக்கும். வாசகர் அதைத் தொட்டதும், வேண்டுகோளின் 'எங்கிருந்து' குறிப்பில் நூலகப் பக்கத்தின் முகவரி செல்லும். அது தங்கள் பட்டியலில் இருந்தால் நிறுவனம் கதவைத் திறக்கும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது அக்குறிப்பு நிறுவனத்தின் முகவரியாகவே மாறிவிடும். ஆகவே முதல் நுழைவின்போதே 'குக்கி' என்னும் சிறு அடையாளச் சீட்டை வாசகரின் பிரவுசரில் வைத்துவிடுவார்கள். புதிய கருவி எதையும் வாங்க இயலாத சிறு நூலகங்களுக்கு இந்த முறை பெரிதும் உதவிற்று.

அளவீடும் வாக்குமூலமும்

இங்கே இயற்பியல் மாணவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. வெப்பமானி காட்டுவது அளவீடு. 'எனக்குக் காய்ச்சல் இல்லை' என்று நோயாளி சொல்வது வாக்குமூலம். ஐ.பி. எண் ஓரளவு அளவீட்டைப் போன்றது. பொய்யான எண்ணைக் கொடுத்தால் சர்வரின் விடை அந்தப் பொய் முகவரிக்கே போகும். கேட்டவர் கைக்கு வராது. 'எங்கிருந்து' குறிப்போ முழுக்க முழுக்க வாக்குமூலம். அதில் எதை எழுதினாலும் விடை கேட்டவருக்கே வந்து சேரும். 'கர்ல்' போன்ற இலவச நிரலில், விரும்பிய முகவரியை அக்குறிப்பில் இட ஒரே ஒரு கட்டளை போதும்.

பொய் சொல்பவருக்குத் திறந்த அந்தக் கதவு, உண்மையான வாசகருக்குப் பலமுறை மூடிக்கொண்டதுதான் வேதனை. முகவரியை நேரே தட்டச்சு செய்தவருக்கு இக்குறிப்பே இராது. சில பாதுகாப்பு நிரல்கள் இக்குறிப்பைத் தாமாகவே நீக்கின. மறையாக்கம் செய்த பக்கத்திலிருந்து மறையாக்கம் இல்லாத பக்கத்துக்குச் செல்கையில் இதை அனுப்பலாகாது என்பது 1999ஆம் ஆண்டு விதி. ஆகவே நூலகம் மட்டும் மறையாக்கத்துக்கு மாறி, இதழ் நிறுவனம் மாறாதிருந்தால் வாசகர் வெளியே நிற்க நேரிட்டது.

ஒட்டுக்கேட்கும் குறிப்பு

எச்சரிக்கை முதலிலேயே இருந்தது. 1996ஆம் ஆண்டு ஏடே, இது அந்தரங்கச் செய்தியாக இருக்கலாம், அனுப்புவதும் தவிர்ப்பதும் பயனர் விருப்பமாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்திற்று. நடைமுறை அவ்வாறு அமையவில்லை. 2015 ஜனவரியில் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில் ஒரு குறை வெளிப்பட்டது. விண்ணப்பதாரரின் வயது, வருமானம், புகைபிடிப்பவரா, கருவுற்றவரா என்பன போன்ற விவரங்கள் பக்க முகவரியிலேயே எழுதப்பட்டிருந்தன. அம்முகவரி இக்குறிப்பின் வழியே விளம்பர நிறுவனங்களின் சர்வர்களுக்கும் சென்றுகொண்டிருந்தது.

இதற்குப் பின் பிரவுசர்கள் மாறின. 2020இல் குரோமும், 2021இல் ஃபயர்ஃபாக்ஸும் புதிய வழக்கத்தைக் கைக்கொண்டன. ஒரு தளத்திலிருந்து வேறு தளத்துக்குச் செல்கையில் முழுப் பக்க முகவரி போகாது; தளத்தின் பெயர் மட்டும் போகும். தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் சொல்வது போன்றது இது. முழு முகவரியை ஒப்பிட்ட பூட்டுகள் திறக்க மறுத்தன. ஊர்ப் பெயர் போதும் என்று தளர்த்தினாலோ, கடவுச்சொல் இல்லாத பொதுப் பக்கத்திலிருந்து வருபவருக்கும் அவை திறந்துகொள்ளும்.

மாற்று வழிகள் உள்ளன. 1999இல் தோன்றிய ஈஸிபிராக்ஸி, உறுப்பினரைச் சோதித்தபின் நூலகத்தின் ஐ.பி. எண்ணிலிருந்தே வேண்டுகோளை அனுப்புகிறது. ஷிபலெத் முறையில், வாசகரைத் தன் நிறுவனமே சோதித்துக் கையொப்பமிட்ட சான்றை இதழ் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. நம் நாட்டில் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பு இம்முறையைச் சார்ந்ததே. இன்னும் பழைய பூட்டையே நம்பும் நூலகம், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் முழு முகவரியை அனுப்பும்படி கட்டளையிடலாம். ஆனால் அது தற்காலிக ஒட்டுவேலையே.

எழுத்துப் பிழையால் யாருக்கும் நட்டமில்லை. வழிப்போக்கனின் சொல்லை அடையாள அட்டையாகக் கொண்டதுதான் நட்டம். எந்தக் கருவி எதற்காகப் படைக்கப்பட்டது, அது தருவது அளவீடா வாக்குமூலமா என்று கேட்டறிவது ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமன்றிக் கணிப்பொறிக்கும் பொருந்தும்.