எல்85 துப்பாக்கி

பிரிட்டிஷ் படைக்கு 1985இல் வழங்கப்பட்ட 5.56 மி.மீ. தானியங்கித் துப்பாக்கி, என்ஃபீல்டு ஆலையில் உருவானது. தோட்டாப் பெட்டி விசைக்குப் பின்னால் அமைந்ததால் நீளம் குறைவு. முதல் வடிவில் பெட்டியை விடுவிக்கும் பொத்தான் துருத்திக்கொண்டிருந்தது. மார்போடு அணைத்து நடந்தால் உடையோ வாரோ அதை அழுத்திவிடும். பெட்டி கழன்று விழும். போர்முனையில் இதைவிட மானக்கேடான குறை அரிது! பொத்தானைச் சுற்றி வரம்பு கட்டியபின்தான் அது அடங்கியது. 1991 வளைகுடாப் போரில் மணலும் புகுந்து படுத்தியது. பின்னர் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் உள்ளுறுப்புகளையும் பெட்டியையும் மாற்றி ஏ2 வடிவமாக்கியது.

நான்கு மடங்கு பெருக்கிக் காட்டும் சுசாட் குறிநோக்கி மட்டும் தொடக்கத்திலேயே நற்பெயர் பெற்றது. ஆனாலும் புதிய துப்பாக்கியில் குறியைச் சரிசெய்தே ஆகவேண்டும்: சில குண்டுகளைச் சேர்த்துச் சுட்டு, அவற்றின் மையம் விலகிய அளவுக்குக் குறிநோக்கியைத் திருத்துவார்கள்.