பிரசவ அச்சம்

கர்ப்பிணிகளிடம் பிரசவம் குறித்து எழும் கடும் பயம். முதல் பிரசவத்துக்கு முன்பும், முந்தைய கசப்பான பிரசவத்துக்குப் பின்பும் வரலாம். தூக்கமின்மை, படபடப்பு, சிசேரியனே போதும் என்ற வேண்டுதல் ஆகியவை அடையாளங்கள். டோக்கோஃபோபியா என மருத்துவ இதழ்களில் 2000இல் விவரிக்கப்பட்டது.

மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலையில் அச்சத்துக்குத் தூரமும் காரணம். வெள்ளிமலையைச் சுற்றிய ஊர்களிலிருந்து கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு மலைப்பாதையில் இறங்க வேண்டும்; இரவில் வலி கண்டால் வண்டி வருமா என்ற கேள்வி நியாயமானது. அதை மனப்பலவீனம் என்பது அநீதி. பேறுகாலத்துக்கு முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறைகளும், தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004இல் தொடங்கிய பிரசவத் துணைத் திட்டமும் அச்சத்தைத் தணிப்பவை. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இருந்தால் வலியைத் தாங்கும் தெம்பு கூடுகிறது.