வேடமும் வாழ்வும்: சித்தூர், திருப்பதி வட்டாரப் பின்னணியில் திரைப்படமும் திருநங்கையர் குறித்த பொதுமனப்பதிவும்

முன்னுரை

திருநங்கையர் குறித்துப் பொதுமக்களிடம் நிலவும் தாழ்வெண்ணத்திற்குத் திரைப்படமே காரணம் என்பாரும், திரைப்படம் சமூகத்தில் உள்ளதையே காட்டுகிறது என்பாரும் உளர். இவ்விரு கருத்துகளையும் சீர்தூக்கிப் பார்க்க, ஆண் பெண்கோலம் பூணுவதைத் தெய்வ வழிபாடாகவே போற்றும் ஒரு வட்டாரம் ஏற்ற களமாக அமைகிறது. அவ்வகையில் சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் சடங்கு மரபையும், அவ்வட்டார மக்கள் காணும் தமிழ், தெலுங்குத் திரைப்படங்களின் சித்திரிப்பையும் ஒப்பிட்டு ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

களம்

தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ்கூறும் நிலத்தின் வட எல்லையாகச் சுட்டுகிறது. சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டில் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நிலைத்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் முதலிய பகுதிகளில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. எனவே இரு மொழித் திரைப்படங்களின் தாக்கத்தையும் ஒருங்கே நோக்குதல் இவ்வட்டாரத்திற்குப் பொருந்தும்.

இலக்கண, இலக்கிய மரபு

திரைப்படம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இப்பொருள் குறித்த இருவேறு நோக்குகள் தமிழில் நிலவின. தொல்காப்பியம் பேடியை உயர்திணையில் வைக்கிறது. அப்பெயர்க்கெனத் தனிப் பாலீறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய பிற ஈறுகளையே கொண்டு முடியும் என்றும் விதிக்கிறது. நன்னூலார் ஒருபடி மேற்சென்று, பெண்மை நீங்கி ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மை நீங்கிப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் அடக்குகிறார். இங்கு உடலமைப்பைக் காட்டிலும் ஒருவரின் அவாவே பாலை முடிவுசெய்யும் அளவுகோலாகக் கொள்ளப்படுவது குறிப்பிடத்தக்கது. ஆயின் அதே நூற்பா, அவர்கள் அஃறிணைபோல வழங்கப்படுதற்கும் இடமளிக்கிறது.

இலக்கியத்திலும் இவ்விரட்டை நிலை காணப்படுகிறது. வாணாசுரனின் சோ நகரில் காமன் ஆடிய பேடியாடலைச் சிலப்பதிகாரம் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்றாகப் போற்றுகிறது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை, அக்கோலத்தைத் தெருவில் கூடிநின்று காணும் கூட்டத்தையும் காட்டுகிறது. பாரதத்தில் வில்வீரனாகிய அருச்சுனன் விராட நகரில் பேடியாக ஓராண்டு வாழ்கிறான். மறுபுறம், பேடி கையில் உள்ள வாள் பயனின்மைக்கு உவமையாகத் திருக்குறளில் இருமுறை இடம்பெறுகிறது. தெய்வமோ வீரனோ மேற்கொண்ட கோலம் போற்றப்படுவதையும், அத்தன்மையோடு பிறந்து வாழ்வோர் இகழ்ச்சிக்கு உவமையாவதையும் இவற்றால் அறியமுடிகிறது.

கங்கையம்மன் ஜாத்திரை

திருப்பதியில் தாத்தையகுண்டக் கங்கையம்மனுக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒருவார காலம் ஜாத்திரை நிகழ்கிறது. சித்தூர், குப்பம் ஆகிய ஊர்களிலும் கங்கையம்மனுக்கு ஜாத்திரை எடுக்கப்படுகிறது. எல்லைக்கு இப்பால் குடியாத்தத்தில் வைகாசி முதல் நாளில் நிகழும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவும் இத்தெய்வ மரபோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கது. கங்கையம்மனை ஏழுமலையானின் தங்கை எனத் திருப்பதி மக்கள் கருதுகின்றனர். மலைக்கோயிலிலிருந்து அம்மனுக்குச் சேலை, மஞ்சள், குங்குமம் சீராக வருகின்றன.

பெண்களைச் சூறையாடிய பாளையக்காரன் ஒருவனை அழிக்க அம்மன் பல வேடங்கள் பூண்டு தேடினாள் என்பது இத்திருவிழாவின் அடிப்படைக் கதை. அவ்வேடங்களைக் கைகால குடும்பத்து ஆடவர் வழிவழியாகப் பூணுகின்றனர். பைராகி, பண்டா, தோட்டி, துரை, மாதங்கி எனக் கோலங்கள் நாள்தோறும் மாறுகின்றன. இவர்களேயன்றிப் பொதுமக்களுள் ஆடவர் பலரும் நேர்த்திக்கடனாக மீசை மழித்து, சேலையுடுத்து, நகையும் பூவும் சூடிக் கோயிலுக்கு வருகின்றனர். வீட்டுப் பெண்களே அவர்களுக்குச் சேலை கட்டிவிடுகின்றனர். இத்திருவிழாவை நெடிது ஆராய்ந்து 2013இல் நூல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர், அந்நாட்களில் உலகமே பெண்மயமாகிறது என்னும் கருத்தை நிறுவுகிறார்.

இவ்வேடம் கேலிக்குரியதாக மக்களால் கருதப்படுவதில்லை. எனினும் அதன் மதிப்பு இரு வரையறைகளுக்கு உட்பட்டது. ஒன்று, வேடம் காலத்தால் எல்லைப்பட்டது. திருவிழா முடிந்ததும் ஆடவர் ஆடவராகவே இல்லம் திரும்புகின்றனர். மற்றொன்று, வேடத்தினுள் இருப்பவர் ஆண் என்பதில் காண்போருக்கு ஐயமில்லை. வேடம் பூணும் இவ்வாடவர் திருநங்கையர் அல்லர். ஆதலின் வேடத்திற்குக் கிடைக்கும் வணக்கம், ஆண்டு முழுவதும் பெண்ணாகவே வாழ்வோருக்குத் தானாகச் சென்றடைவதில்லை.

திரையில் வேடம்

இவ்விரு வரையறைகளையும் திரைப்படம் அப்படியே ஏற்றுக்கொண்டது. 1963இல் வெளிவந்த ‘நர்த்தனசாலா’ என்னும் தெலுங்குப் படத்தில் என்.டி. ராமராவ் அருச்சுனனாகவும் பிருகந்நளையாகவும் தோன்றினார். அப்படம் தெலுங்குத் திரையின் சிறந்த புராணப் படங்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. பிருகந்நளைக் கோலம் அவருடைய நாயகத் தகுதியைக் குறைக்கவில்லை. 1983 தேர்தலில் அவர் திருப்பதித் தொகுதியிலும் வென்று முதலமைச்சரானார். கோலம் களைந்து காண்டீபம் ஏந்தும் காட்சி வரும் என்பதை மக்கள் முன்னரே அறிவர். அவ்வறிவே கோலத்தை மதிப்புக்குரியதாக்கியது எனலாம்.

கமல்ஹாசன் நடித்த ‘அவ்வை சண்முகி’ (1996) போன்ற நகைச்சுவைப் படங்களிலும் ஆண் என்னும் உண்மை காண்போருக்குத் தெரிந்திருப்பதே சிரிப்புக்கு அடிப்படை. சித்தூர் மாவட்டத்தையும் அதன் வட்டார வழக்கையும் களமாகக் கொண்ட ‘புஷ்பா 2’ (2024) கங்கையம்மன் ஜாத்திரையையே திரைக்குக் கொணர்ந்தது. நாயகன் அல்லு அர்ஜுன் உடலில் நீல வண்ணம் பூசி, சேலையுடுத்து ஆடுகிறார். தன் குடும்பத்துப் பெண்ணைத் துன்புறுத்துவோரை அக்கோலத்திலேயே அடக்குகிறார். பாளையக்காரனை அழித்த அம்மன் கதையின் மறுவடிவம் இது. இக்காட்சி பெரும் வரவேற்பைப் பெற்றது. வணிகப்படத்தின் நாயகன் சேலையுடுத்து நின்றும் அவனது ஆண்மைக்குக் குறைவு நேரவில்லை என்பது சடங்கு மரபின் ஆற்றலைக் காட்டுகிறது.

திரையில் வாழ்வு

கோலம் வாழ்வாக மாறும்போது திரையின் நோக்கும் மாறுகிறது. திருநங்கையரைக் காட்டும் படங்களை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, இகழ்ச்சியும் அச்சமும். இந்தியில் வெளிவந்த ‘சடக்’ (1991) படத்தில் விடுதி நடத்தும் கொடிய ‘மகாராணி’ என்னும் பாத்திரத்தைச் சதாசிவ் அம்ராபுர்கர் ஏற்றார். அதற்காக ஃபிலிம்ஃபேர் விருதும் பெற்றார். அக்கதை தமிழில் ‘அப்பு’ (2000) என வந்தபோது பிரகாஷ்ராஜ் அப்பாத்திரத்தில் நடித்தார். ஷங்கரின் ‘ஐ’ (2015), ஒப்பனைக் கலைஞராக வரும் திருநங்கைப் பாத்திரத்தை அருவருப்புக்கும் பழிவாங்கலுக்கும் உரியதாகப் படைத்தது. அதனை எதிர்த்துத் திருநங்கையர் சென்னையில் போராடினர். அப்படம் தெலுங்கிலும் வெளியாயிற்று.

இரண்டாவது, இரக்கம். ராகவா லாரன்ஸ் இயக்கிய ‘காஞ்சனா’ (2011) தமிழிலும் தெலுங்கிலும் பெருவெற்றி பெற்றது. சரத்குமார் ஏற்ற காஞ்சனா என்னும் பாத்திரம், வீட்டால் விலக்கப்பட்டும் பிறரைப் பேணும் உயர்பண்புடையதாக அமைந்தது. ஆனால் படத்தின் முற்பகுதியில் நாயகன் உடலில் அவ்வாவி புகுந்து அவன் பெண்போல் நடப்பதே நகைப்பாகிறது. மதிப்போ, கொலையுண்டபின் கூறப்படும் முன்கதையில்தான் கிடைக்கிறது. சுதா கொங்கராவின் ‘தங்கம்’ (2020) என்னும் குறும்படத்திலும் சத்தார் என்னும் பாத்திரம் இறந்தே காண்போர் மனத்தில் இடம்பெறுகிறது. இத்தகைய படங்களில் இறப்பே இரக்கத்தின் விலையாகிவிடுகிறது.

மூன்றாவது, இயல்பு வாழ்வு. கிரிஷ் இயக்கிய ‘வேதம்’ (2010), அதன் தமிழாக்கமான ‘வானம்’ (2011) ஆகியவற்றில் கற்பூரம் என்னும் திருநங்கை கதைத்தலைவி ஒருத்தியின் தோழியாக, இன்பதுன்பங்களைப் பகிர்பவராக வருகிறார். தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) படத்தில் ஷில்பா மனைவியும் மகனும் உள்ள இல்லத்திற்குத் திரும்புகிறார். காவல்நிலையத்தில் அவர் படும் அவமதிப்பும், மகன் அவரைத் தயக்கமின்றி ஏற்பதும் ஒருங்கே காட்டப்படுகின்றன. எனினும் குழந்தைக் கடத்தலோடு அவரைத் தொடர்புபடுத்தும் பகுதி பழைய பழியை மீண்டும் உயிர்ப்பித்தது என்னும் குறை எழுந்தது.

யார் நடிக்கிறார் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதியும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாற்றை ஒட்டிய கன்னடப் படத்தில் நடித்த சஞ்சாரி விஜயும் தேசிய விருது பெற்றனர். விருது விழாவில் பொதுமக்கள் காண்பது வேடம் களைந்த ஆடவரையே. இது ‘உள்ளே இருப்பவர் ஆண்’ என்னும் பழைய எண்ணத்தை அறியாமலேயே உறுதிப்படுத்துகிறது. ‘நர்த்தகி’ (2011) படத்தில் கல்கி சுப்ரமணியமும், ‘பேரன்பு’ (2019) படத்தில் அஞ்சலி அமீரும் நடித்தமை இதற்கு மாறான, சிறிய தொடக்கங்கள்.

பொதுமனப்பதிவு

வேறுபட்ட குழுவினர் சமநிலையில் பழகும்போது தாழ்வெண்ணம் குறையும் என்பது 1954இல் கார்டன் ஆல்போர்ட் வகுத்த கொள்கை. எட்வர்டு ஷியாப்பாவும் அவர்தம் குழுவினரும் 2005இல் இதனைத் திரைக்கு விரித்தனர். பெண்ணுடை அணிந்து மேடையேறிய எடி இசார்டு என்னும் நகைச்சுவைக் கலைஞரின் நிகழ்ச்சிப் பதிவும் அவர்கள் சோதித்தவற்றுள் ஒன்று. நேரில் பழக்கமில்லாத குழுவினரைத் திரைவழி அறிவதும் மனப்பான்மையை மாற்றும் என்பது அவர்கள் முடிவு. நற்சித்திரிப்பு எண்ணத்தை மாற்றும் எனின், தீய சித்திரிப்பும் அவ்வாறே மாற்றும் என்பது இதனால் பெறப்படும்.

இத்தாக்கம் சொல்லில் வெளிப்படையாகத் தெரிகிறது. திரையில் சிரிப்புக்காகப் பேசப்பட்ட தொடரும் பாடப்பட்ட பாட்டும் பேருந்து நிலையத்திலும் பள்ளியிலும் ஏச்சாகின்றன. ‘அவள்’ எனப்பட வேண்டியவரை ‘அது’ என்னும்போது, நன்னூல் இடமளித்த அஃறிணை வழக்கு மீள்கிறது. இதற்கு மாறாகத் ‘திருநங்கை’ என்னும் மதிப்புச்சொல் திரையிலிருந்து பிறக்கவில்லை. அஃது அச்சமூகத்தாரிடமிருந்தே எழுந்து, பின் அரசாலும் இதழ்களாலும் ஏற்கப்பட்டது. தமிழக அரசு 2008இல் நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15இல் உச்சநீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே உறுதிசெய்யும் உரிமையை ஏற்றது. 2019இல் இயற்றப்பட்ட சட்டம் சொல்லால் இழைக்கும் கொடுமையையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சொல்லும் சட்டமும் மாறிய வேகத்தில் திரை மாறவில்லை என்பதை ‘அப்பு’வுக்குப் பதினைந்தாண்டுகள் கழித்து வந்த ‘ஐ’ உணர்த்துகிறது.

முடிவுரை

தாழ்வெண்ணத்தைத் திரைப்படம் புதிதாகப் படைக்கவில்லை. கோலத்தைப் போற்றி வாழ்வை இகழும் வழக்கு இலக்கிய மரபிலும் சடங்கு மரபிலும் முன்பே வேர்கொண்டிருந்தது. அவ்வழக்கிற்கு முகமும் குரலும் ஏச்சுச்சொல்லும் தந்து, மொழி எல்லை கடந்து பரப்பியது திரைப்படத்தின் பங்காகும். கங்கையம்மன் கோலத்தில் நாயகனை வணங்கும் அதே அரங்கில், திருநங்கைப் பாத்திரம் தோன்றியவுடன் சிரிப்பு எழுவது இதனாலேயாம்.

எனவே வேடத்திற்குரிய பெருமையைத் திரையில் மிகுவித்தல் மட்டும் திருநங்கையரின் நிலையை உயர்த்தாது. அவர்கள் வேலை செய்வோராக, பெற்றோராக, அண்டைவீட்டாராக, இறவாமல் கதை முடிவுவரை வாழ்வோராகக் காட்டப்படுதல் வேண்டும். அப்பாத்திரங்களை அவர்களே ஏற்று நடிக்கவும் வேண்டும். அப்போதுதான் ஜாத்திரையில் அம்மனுக்குச் செய்யும் மதிப்பின் ஒரு பகுதியேனும், அதே தெருவில் ஆண்டு முழுவதும் நடந்து செல்லும் பெண்ணுக்கும் கிடைக்கும்.