எட்டாதவர்கள் யார்?



சுகாதார ஆய்வுகளில் ‘எட்டுவதற்கு அரிய மக்கள்’ என்றொரு சொல் புழங்குகிறது. பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், ஊசிவழி போதைப்பொருள் எடுப்போர், மலம் அள்ளுவோர் எல்லாரையும் அதற்குள் அடக்குகிறார்கள். ஒரு காலத்தில் நம்மை நெருங்கக்கூடாதவர்கள் என்றார்கள். இன்று எட்டமுடியாதவர்கள் என்கிறார்கள். தூரத்தை வைத்தது யார் என்பதை இரண்டு சொற்களுமே மறைக்கின்றன.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சேகரித்தார். இந்த நோய் இங்கே வராது என்று பலரும் நம்பிய நாளில் அது துணிச்சலான வேலை. ஆனால் மாதிரி எங்கிருந்து கிடைத்தது? பிடித்துவந்து காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து. எதற்கான சோதனை என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பூட்டிய கதவுக்குள் மட்டும் அவர்கள் ‘எட்டும்’ மக்களானார்கள்.

மாதிரி எடுக்கப் பெயர்ப்பட்டியல் வேண்டும். மறைந்து வாழ நேர்ந்தவர்களுக்குப் பட்டியல் ஏது? ஒருவர் தமக்குத் தெரிந்த சிலரைக் காட்ட, அவர்கள் மேலும் சிலரைக் காட்டுவது பனிப்பந்து முறை. 1961இல் லியோ குட்மன் அதைக் கணிதமாக்கினார். இதில் பலரோடு பழகுகிறவர் எளிதில் அகப்படுவார். ஒதுங்கிக் கிடப்பவர் விடுபடுவார்.

1997இல் அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் இதற்கு ஒரு வழி சொன்னார். பங்கேற்றவரிடம் பெயர் கேட்பதில்லை. சில கூப்பன்களைக் கொடுக்கிறார்கள். அவர் தம் கூட்டாளிகளிடம் கொடுப்பார். விருப்பமுள்ளவர் தாமே வருவார். பேட்டிக்கும் சன்மானம், ஆளை அழைத்ததற்கும் சன்மானம். அவரவருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்று கேட்டு, தொடர்பு குறைந்தவரின் பதிலுக்குக் கணக்கில் கூடுதல் எடை தருகிறார்கள். பெயரைச் சொல்வதா வேண்டாமா என்ற முடிவு இங்கே மக்கள் கைக்கு வருகிறது.

ஆனால் நம் நாட்டில் அந்தக் கூப்பன் சாதியைத் தாண்டுமா? முதல் கூப்பன்களை ஒரே தெருவில் கொடுத்தால் அவை அந்தத் தெருவையே சுற்றிவரும். சேரிக்குள் போகாத கூப்பனுக்கு எந்தக் கணிதமும் எடை போட முடியாது. ஆகவே ஒவ்வொரு பகுதியிலிருந்தும் தொடங்கு என்பதே நம் முதல் கோரிக்கை.

எங்கள் மாநிலத்தில் மலம் அள்ளுவோர் இல்லை என்று அரசுகள் சாதித்தபோது, சஃபாய் கரம்சாரி அந்தோலன் ஆதாரங்களோடு 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றது. அரசுக்கு எட்டாதவர்களை அந்த மக்களே எட்டினார்கள்.

மாணவர்களே, நாளை நீங்கள் ஆய்வுக்குப் போவீர்கள். மாதிரி எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன், எந்தக் கதவு வழியாக வந்தார்கள், சம்மதித்து வந்தார்களா, கிடைத்த விவரம் அவர்களிடம் திரும்பிப் போனதா என்று கேளுங்கள்.