பதினோராம் தொகுதியும் ஒரு குடம் தண்ணீரும்

போன மே மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகள் அறிவியல் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். தமிழ் மீடியம், ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகிறாள். விசை, வேலை, ஆற்றல், திறன் நான்குக்கும் வரையறை கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள்:

"அம்மா தண்ணிக் குடத்தை இடுப்புல வச்சு தெருக்கோடியில இருந்து நடந்து வராங்க. குடத்தைத் தாங்கற விசை வேலையே செய்யலன்னு டீச்சர் சொன்னாங்க. அது எப்படி மாமா வேலை இல்லாமப் போகும்?"

விசை மேல்நோக்கி, நகர்வு கிடைமட்டமாக, இரண்டும் செங்குத்து, ஆகவே வேலை சுழி என்று நான் ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அவளுக்குக் கணக்கு புரியாமல் இல்லை. வீட்டில் 'வேலை' என்றால் இடுப்பு வலிக்கும் ஒரு விஷயம், புத்தகத்தில் அதே சொல் வேறு ஒன்று. இது இரண்டும் வேறு வேறு சொல் மாதிரி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு என் முதல் செமஸ்டர் ஞாபகம் வந்தது. நானும் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம்தான். 'திருப்புத்திறன்' கணக்கில் பள்ளியில் முழு மார்க் வாங்கியவன். பி.இ. முதல் வருடம் மெக்கானிக்ஸ் வகுப்பில், ஒரு புள்ளியைக் காட்டி அதைச் சுற்றி 'மொமென்ட்' எடுக்கச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த மொமென்ட் 'ஒரு நிமிஷம் இருங்க' என்பதில் வரும் நிமிஷம்தான். நேரத்தை எப்படி எடுப்பது என்று நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருப்புத்திறனைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிய மூன்று வாரம் ஆனது. அந்தப் பாடத்தில் அரியர் விழுந்தது. வீட்டில் சொல்லவில்லை. தமிழில் படித்ததுதான் தப்பு என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

அறிவியல் சொற்களைத் தமிழில் உண்டாக்கும் முயற்சிக்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வயது. 1847ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்காகப் பாடநூல்களை மொழிபெயர்த்தார்: 1872ல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875ல் 'கெமிஸ்தம்'. தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும், ஒன்றில் வடமொழி, இன்னொன்றில் தமிழ் ஒலிக்கு வளைத்த ஆங்கிலம். அவருக்கு மாணவன் எதிரே உட்கார்ந்திருந்தான். சொல் அவனுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

1916ல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தொடங்கினார்கள். கலைச்சொற்களுக்காகவே ஒரு இதழ் நடத்தினார்கள். 1932ல் சென்னை மாகாண அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் வடமொழி அதிகம் என்று எதிர்ப்பு வந்தது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தன் பங்குக்குத் தமிழ்ச் சொற்களைத் திரட்டி 1938ல் வெளியிட்டது. 1940ல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. மறுபடியும் அதே சண்டை.

அந்தச் சண்டையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது நடக்காமல் இருந்திருந்தால் இன்று நம் பிள்ளைகள் படிக்கும் விசை, முடுக்கம், அழுத்தம் போன்ற சொற்கள் வந்திருக்காது. ஆனால் சண்டை முழுக்க சொல் எங்கிருந்து வர வேண்டும் என்பதைப் பற்றியது. வந்த சொல் பதினான்கு வயதுப் பிள்ளையின் தலைக்குள் எப்படிப் போகும் என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றுவிட்டது. பட்டியல் போட்டோம், புத்தகத்தில் அச்சடித்தோம், மனப்பாடம் செய்யச் சொன்னோம்.

இத்தனைக்கும் சொல்லைக் கற்றுக்கொடுக்கும் கருவிகள் நம்மிடம் ஏற்கெனவே இருந்தன. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு ஒரு பாடம். அதிகம் புழங்கியது மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு. மொத்தம் பன்னிரண்டு தொகுதி. முதல் பத்தும் பொருள்வாரியாகப் போகும்: தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று. ஒரு பொருளுக்கு என்னென்ன பெயர் உண்டு என்பதை விருத்தத்தில் கட்டி மனதில் ஏற்றுவார்கள். பன்னிரண்டாவது, எண்ணோடு சேர்ந்து வரும் தொகைகள்.

நடுவில் இருக்கும் பதினோராவதுதான் எனக்குப் பிடித்தது. அது திசை திரும்பி நிற்கும். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்? சொற்களை எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றாக வரும்படி அடுக்கியிருப்பார்கள். சாஃப்ட்வேர்க்காரன் கண்ணுக்கு அது ஒரு இன்டெக்ஸ், மனசுக்குள்ளேயே தேடுவதற்குச் செய்தது. 'பதினோராவது நிகண்டு' என்ற பெயரில் அது தனிப் புத்தகமாகவும் அச்சாகியிருக்கிறது. அவ்வளவு தேவை இருந்திருக்கிறது.

1732ல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோது பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்து அகர வரிசைக்குக் கொண்டுவந்தார். ஒரு சொல்லின் பல பொருள்கள் அங்கே 'பெயர்' பகுதிக்குப் போயின. அதன் பிறகு சொல்லை மனதில் வைத்திருக்க வேண்டியதில்லை, தேடி எடுத்துக்கொள்ளலாம். நல்லதுதான். ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடம் போனபோது, 'ஒரு சொல்லுக்குப் பல பொருள்' என்பதைத் தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கமும் அதோடு போய்விட்டது.

அறிவியல் வகுப்புக்கு வேண்டியது அந்தப் பழக்கம்தான். ஆற்றல், திறன் இரண்டையும் பேச்சில் மாற்றி மாற்றிப் போடலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். இயற்பியலில் திறன் என்பது வேலை நடக்கும் வீதம், ஆற்றல் என்பது வேலை செய்வதற்கான இருப்பு. மாற்றிப் போட்டால் மார்க் போகும். 'வேலை' இன்னும் சுவாரசியம். பழைய நூல்களில் அதற்குக் கடல், கடற்கரை, பொழுது என்றெல்லாம் பொருள் உண்டு. வீட்டில் உழைப்பு. ஆபீஸில் உத்தியோகம். இயற்பியலில், விசையையும் அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவது. இந்த வரிசையின் கடைசிப் பொருளைச் சேர்த்தால், பதினோராம் தொகுதியில் இன்னொரு வரி. அவ்வளவுதான்.

இதற்கு இன்னொரு நல்ல சாட்சி கடல் தாண்டி இருக்கிறது. இலங்கையில் கலைச்சொற்கள் தனியாகத் தொகுக்கப்பட்டன. நாம் மாஸ் என்பதற்கு 'நிறை' என்கிறோம், வெயிட் என்பதற்கு 'எடை' என்கிறோம். அங்கே மாஸ் 'திணிவு', வெயிட் 'நிறை'. நாம் ஸ்பீடை 'வேகம்' என்கிறோம், அவர்களுக்கு வெலாசிட்டிதான் 'வேகம்', ஸ்பீடு 'கதி'. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் தஞ்சாவூர்ப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால், இருவரும் 'நிறை' என்று சரியாக எழுதி, ஒருவருக்கு மட்டும் மார்க் கிடைக்கும். சொல்லுக்குள் பொருள் ஒட்டிக்கொண்டு பிறப்பதில்லை. ஒரு துறை கூடி உட்கார்ந்து முடிவு செய்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

இரண்டாவது கருவி இன்றும் தமிழ் வகுப்பில் உயிரோடு இருக்கிறது: பகுபத உறுப்பிலக்கணம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் சொல்லும் ஆறு உறுப்பு. 'நடந்தான்' என்பதைப் பிரித்து எழுதி மார்க் வாங்காத பிள்ளை இல்லை. அடுத்த பீரியடில் அறிவியல் டீச்சர் வந்ததும் அந்தக் கத்தியை உறையில் போட்டுவிடுகிறோம். முடுக்கம் என்பது முடுக்கு + அம். உந்தம், உந்து + அம். அழுத்தம், அழுத்து + அம். மூன்றும் ஒரே அச்சு. திசைவேகம் என்ற சொல்லே, வேகத்தோடு திசையையும் சேர்த்துச் சொல் என்று கேட்கிறது. வெப்பநிலைமானியில் இருக்கும் 'மானி' தெரிந்தால் அழுத்தமானி புதுச் சொல் அல்ல. இதே கத்தி ஆங்கிலத்துக்கும் ஆகும். தெர்மாமீட்டரில் தெர்மோ வெப்பம், மீட்டர் மானி. ஒளிச்சேர்க்கை என்பதை ஒளி, சேர்க்கை என்று பிரித்த பிள்ளைக்கு, போட்டோசிந்தசிஸ் என்பதை போட்டோ, சிந்தசிஸ் என்று பிரிக்க ஒரு நிமிஷம் போதும்.

அக்கா மகளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துக்கு ஒரு சொல், நான்கு கட்டம். வீட்டில் என்ன பொருள், பாடத்தில் என்ன பொருள், பிரித்தால் என்ன வரும், ஆங்கிலத்தில் என்ன பெயர், அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் வீட்டுப் பொருள் ஒன்று இருந்தால் அதுவும். 'திருப்புத்திறன்' பக்கத்தை மட்டும் நான் நிரப்பினேன். நான்காவது கட்டத்தில் 'மொமென்ட். நிமிஷம் அல்ல' என்று எழுதினேன். ஏன் என்று கேட்டாள். அரியர் கதையைச் சொன்னேன். இருபத்தைந்து வருடம் கழித்து அக்காவும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். "அப்பாகிட்ட பாஸ்னு சொன்னியேடா" என்றாள்.

நான் தமிழில் படித்தது தப்பில்லை. எனக்குத் தமிழில் ஒரு சொல் தெரியும், ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது என்பதும் முழு உண்மையில்லை. மொமென்ட் எனக்குத் தெரிந்த சொல்தான். ஒரு சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கலாம் என்று சந்தேகப்பட எனக்குப் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டாகவே படித்திருக்கிறார்கள்.

கிளம்பும் நாளில் நோட்டைப் புரட்டினேன். பதினேழு பக்கம் நிரம்பியிருந்தது. 'வேலை' பக்கத்தில், வீட்டுப் பொருள் என்ற கட்டத்தில், 'அம்மா செய்வது' என்று எழுதியிருந்தாள். பாடப் பொருள் கட்டத்தில் வரையறை. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, கீழே சின்ன எழுத்தில்: 'இரண்டும் சரி.'