செமி-ஸ்லாவ் டிஃபென்ஸ்: சி6 முதலில் ஆடணுமா, இ6 முதலில் ஆடணுமா?

செஸ் ஆப்பில் உங்களுக்குக் கறுப்பு. எதிராளி டி4 ஆடுகிறார், நீங்கள் டி5, அவர் சி4. செமி-ஸ்லாவ் ஆடுவது என்று முடிவு செய்துவிட்டால் சி6, இ6 இரண்டு சிப்பாய்களையும் எப்படியும் நகர்த்தியாக வேண்டும். அப்புறம் எது முதலில் போனால் என்ன?

நிறைய இருக்கு. இடையில் வெள்ளைக்கு எந்த வாய்ப்பைக் கொடுக்கிறீர்கள் என்பது அந்த வரிசையில்தான் தீர்மானமாகிறது.

முதலில் இ6 ஆடுகிறீர்கள். வெள்ளையின் குதிரை சி3-க்கு வருகிறது. இப்போது சி6 ஆடினால், வெள்ளை உடனே இ4 தள்ளலாம். மார்ஷல் கேம்பிட் இதுதான். சிப்பாயைக் கொடுத்துவிட்டு, நீங்கள் காஸ்லிங் செய்வதற்கு முன்பே ராஜாவைத் துரத்தும் ஆட்டம். படிக்காமல் போய் மாட்டினால் கஷ்டம்தான்.

சி6-ஐ முதலில் ஆடி, குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து, பிறகு இ6 ஆடினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மூன்றாவது நகர்விலேயே வெள்ளை டி5-ல் வெட்டி எக்ஸ்சேஞ்ச் ஸ்லாவுக்குப் போகலாம். ஜெயித்தே ஆகணும் என்று உட்கார்ந்தவருக்கு அது கடுப்பான ஆட்டம். அல்லது ஐந்தாவது நகர்வில் பிஷப்பை ஜி5-க்கு அனுப்பலாம். அதற்கு நீங்கள் சி4-ல் வெட்டினால் போட்வின்னிக் வேரியேஷன், ஹெச்6 தள்ளினால் மாஸ்கோ வேரியேஷன். இரண்டுக்கும் தனியாகப் படிக்கணும்.

ஆனந்த் என்ன செய்தார்?

2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் உலக சாம்பியன்ஷிப். விஸ்வநாதன் ஆனந்தை எதிர்த்து விளாடிமிர் கிராம்னிக். மூன்றாவது ஆட்டத்தில் கறுப்பில் ஆடிய ஆனந்த் சி6-ஐ முதலில் ஆடும் வரிசையில் போனார். கிராம்னிக் பிஷப்பை ஜி5-க்கு அனுப்பாமல் இ3 ஆட, ஆட்டம் மெரான் வேரியேஷனுக்குள் நுழைந்தது.

14-வது நகர்வில் ஆனந்த் பிஷப்பை பி7-ல் வைத்தார். பி5 சிப்பாய் போனால் போகட்டும், வெள்ளை ராஜாவை நோக்கி மூலைவிட்டம் கிடைக்கிறதே என்ற கணக்கு. கிராம்னிக் அந்தச் சிப்பாயை வெட்டினார். ஆனந்த் இன்னொரு பிஷப்பை டி6-க்குக் கொண்டுவந்து, அடுத்த நகர்வில் யானையை ஜி8-ல் நிறுத்தினார். 41 நகர்வில் வெற்றி.

ஐந்தாவது ஆட்டத்திலும் கிராம்னிக் அதே பாதையில் வந்தார். இந்த முறை ஆனந்த் யானையை முதலில் ஜி8-ல் வைத்தார். டி6 பிஷப் அதற்கு அப்புறம்தான். டி6 காலியாக இருந்ததால் கிராம்னிக் பிஷப்பை எஃப்4-க்குக் கொண்டுவர முடிந்தது. அங்கிருந்து அது ஜி3-க்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. மூன்றாவது ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்டமாகிவிட்டது. 29-வது நகர்வில் டி4 சிப்பாயைக் குதிரையால் வெட்டி கிராம்னிக் கோட்டைவிட்டார். 35 நகர்வில் முடிந்தது. (அந்தத் தவறுக்கு ஓப்பனிங்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை.) ஆனந்த் 6.5–4.5 என்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

உங்களுக்கு எது சரி? படிக்க நேரம் குறைவு என்றால் சி6-ஐ முதலில் ஆடுவது நல்லது. மார்ஷலைப் படித்து வைத்திருக்கிறேன், போட்வின்னிக்தான் வேண்டாம் என்பவர்கள் இ6-இல் தொடங்கலாம்.